41 நூல்களும் ஒரு சீவக சிந்தாமணியும்

சென்னையில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 41 நூல்களைச் செவ்வியல் நூல்கள் என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறது. தொல்காப்பியம் ஒன்று, எட்டுத்தொகை 8, பத்துப்பாட்டு 10, பதினெண்கீழ்க்கணக்கு 18, அப்புறம் சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் களவியல் உரை. கூட்டினால் 41 வரும். கி.பி. 600 வரைதான் எல்லை.

அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கம்பன் நிற்கிறார். அப்பரும் ஆண்டாளும் மாணிக்கவாசகரும் நம்மாழ்வாரும் நிற்கிறார்கள். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியும் வெளியேதான் நிற்கிறது. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த கைந்நிலை உள்ளே இருக்கிறது, ஏலாதி உள்ளே இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவரிடமே கைந்நிலையிலிருந்து ஒரு பாட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் தடுமாறிப்போவார். கம்பனில் ஒரு பாட்டு என்றால், தமிழைத் தனிப்பாடமாக எடுத்துப் படிக்காத பெரியவர்கள்கூட ஒன்றிரண்டு சொல்லிவிடுவார்கள்.

இதற்காகப் பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அது ஒரு நிறுவனத்தின் ஆய்வு எல்லை. எங்கேயாவது கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும். தமிழைச் செம்மொழி என்று அறிவிக்க வேண்டும் என்ற குரல் தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் 1903இல் மறைந்தார். நூறு ஆண்டு கழித்து, 2004 அக்டோபரில்தான் மத்திய அரசின் அறிவிப்பு வந்தது. ஆயிரம் ஆண்டுத் தொன்மை போதும் என்றிருந்த வரையறை, அடுத்த ஆண்டே 1500 முதல் 2000 ஆண்டு வரை என்று மாறியது. பிறகு சமஸ்கிருதம் 2005இல் வந்தது. கன்னடமும் தெலுங்கும் 2008இல், மலையாளம் 2013இல், ஒடியா 2014இல், மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் ஐந்தும் 2024இல். ஒரு மொழிக்குத் தகுதி தருவதற்கு ஆண்டுக்கணக்கு உதவும். ஒரு நூலைக் கிளாசிக் என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது ஆண்டுக்கணக்கு மட்டும்தானா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை தேட, பட்டியலில் இல்லாத சிந்தாமணியைத்தான் கையில் எடுக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் பத்துப்பாட்டும் புறநானூறும் பதிற்றுப்பத்தும் இன்று நம் கையில் இருக்கும் விதத்துக்கு வழி திறந்துவிட்ட நூல் அதுதான்.

1880ஆம் ஆண்டு. உ.வே. சாமிநாதையருக்கு 25 வயது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க அக்டோபரில் போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். அன்றைக்குத் தமிழ்நாட்டில் அதற்கு மேல் ஒரு பெயர் கிடையாது. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்கிறார் கடைசியில். இல்லை. பிள்ளையவர்களும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. தன் வாழ்க்கை வரலாற்றில் ஐயரே இதை எழுதியிருக்கிறார்.

இந்தச் சந்திப்பை நாம் வழக்கமாக ஒரு திருப்புமுனைக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஐயர் அடுக்கிய அந்தப் பட்டியல். 1880இல் தமிழ் படித்த ஒருவருக்கு அவைதான் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய நூல்கள். அதிவீரராம பாண்டியர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய நைடதத்தைப் படிக்காமல் புலவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’ என்று பழமொழியே இருந்தது. இன்றைக்கு அந்தப் பழமொழி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நைடதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. ஒன்றரை நூற்றாண்டில் இரண்டு வரிசையும் இடம் மாறிவிட்டன. அன்று உச்சியில் இருந்தது இன்று அடியில், அன்று பெயர்கூடத் தெரியாமல் இருந்தது இன்று உச்சியில்.

சங்க நூல்கள் சும்மா தற்செயலாக மறந்துபோனவையும் அல்ல. வேண்டாம் என்று சொல்லியே ஒதுக்கியவர்கள் உண்டு. இலக்கணக் கொத்து எழுதிய சாமிநாத தேசிகர் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், திருவாவடுதுறை மடத்தின் பெரும்புலவர், ஈசான தேசிகர் என்றும் பெயர். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, பதினெண்கீழ்க்கணக்கு போன்றவற்றை ஒரு பொருட்டாக நினைத்துப் படிப்பவர்கள் வாழ்நாளை வீணாக்குகிறார்கள் என்று அவர் எழுதினார். அவருக்கு அந்த நூல்கள் தெரியாமல் இல்லை. தெரிந்தே தள்ளினார். சிவனைப் பாடாத நூலில் என்ன இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. அதே திருவாவடுதுறை மடத்தின் ஏட்டுக் கட்டுகளில்தான் இரு நூற்றாண்டுக்குப் பிறகு ஐயர் பழைய நூல்களைத் தேடி எடுத்தார். படிக்க வேண்டாம் என்று சொன்ன மரபே பாதுகாத்தும் வைத்திருந்தது. இந்த முரணை நான் மடத்தின் பெருமையாகத்தான் பார்க்கிறேன்.

பாதுகாப்பது என்பது லேசான காரியம் இல்லை. பனையோலை நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் இருநூறு முந்நூறு ஆண்டு தாக்குப்பிடித்தால் பெரிது. அப்படியென்றால் 2000 ஆண்டுக்கு முந்தைய ஒரு பாட்டு 19ஆம் நூற்றாண்டு வரை வந்து சேர, குறைந்தது ஏழெட்டு முறையாவது யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணியால் புது ஓலையில் அதைப் படியெடுத்திருக்க வேண்டும். அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர் சோம்பியிருந்தால் அந்தப் பாட்டு இன்று இல்லை. பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் கடைசிப் பத்தும் அப்படித்தான் போயின. எழுபது பரிபாடலில் முழுசாகக் கிடைத்தது 22 மட்டும். கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சுக்குக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம் பிள்ளை, ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று பதிப்புரையில் கதறியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஓமத்தீயில் போட்டுவிட்டதாகக் கேட்டு ஐயர் துடித்துப்போனதும் அவர் எழுத்திலேயே இருக்கிறது.

சிந்தாமணிக்கு வருவோம். முதலியார் கொடுத்த பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தால் ஐயருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நூல் சமணருடையது; சமணச் சொற்கள், சமணக் கொள்கைகள். நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது, உரையும் இருட்டாக இருக்கிறது. அப்புறம்தான் கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருக்கும் செய்தி தெரிந்து அங்கே போகிறார். அங்கே போனால் சிந்தாமணியை அவர்கள் பாராயண நூலாக வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்! வித்துவான்கள் உலகத்தில் பெயரே மறைந்துபோன ஒரு காப்பியம், அதே ஊரில் நாலு தெரு தள்ளி, ஒரு வீட்டுக் கூடத்தில் பக்தியோடு வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஐயங்களைத் தீர்த்தார்கள். 1887இல் நூல் வெளிவந்தது.

சிந்தாமணியைப் பாடிய திருத்தக்க தேவர் சமணத் துறவி. 14ஆம் நூற்றாண்டை ஒட்டி அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் மதுரைக்காரர், சைவர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், பிறகு சமண நூல்களை முறையாகப் படித்துத் திரும்ப எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஐயரும் சைவ மடத்தில் வளர்ந்தவர். இவர்கள் இருவரும் தங்கள் சமயம் அல்லாத ஒரு நூலுக்காகத் தங்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். ஒரு நூலைக் கிளாசிக் என்று சொல்வதற்கு என்னிடம் இருக்கும் முதல் அளவுகோல் இதுதான். தனக்குச் சொந்தமில்லாதவர்களையும் அது வேலை வாங்க வேண்டும். சொந்தக்காரர்கள் மட்டும் போற்றுவது அன்பு. அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு.

உரைகள் செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். நச்சினார்க்கினியர் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது பழைய வரி ஒன்றை மேற்கோள் காட்டுவார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். ‘என்றார் பிறரும்’ என்று எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவார். அவர் காலத்தில் படித்தவர்களுக்கு வரியைச் சொன்னாலே போதும். ஐந்நூறு ஆண்டு கழித்து ஐயருக்கு அந்தப் பிறர் யாரென்று தெரியவில்லை. தெரியாததால் தேடினார். திருவாவடுதுறையில் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது மேற்கோள் வரிகள் இருந்த மூல நூல்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. சிந்தாமணியின் உரைக்குள் இருந்த அடையாளம் சொல்லாத மேற்கோள்கள்தான் இத்தனைக்கும் வழிகாட்டின.

ஐம்பெருங்காப்பியத்தில் வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. உரைகாரர்கள் எடுத்துக்காட்டியதும் புறத்திரட்டு என்ற பழம்பாடல் தொகுப்பில் சேர்ந்ததுமான சில பாடல்கள்தான் மிச்சம். முத்தொள்ளாயிரமும் அப்படித்தான். சேர சோழ பாண்டியரைப் பாடிய அந்தப் பெருநூலிலிருந்து புறத்திரட்டைத் தொகுத்தவர் தனக்குப் பிடித்த நூற்றுச் சொச்சம் வெண்பாக்களை எடுத்து வைத்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் ரசனை மட்டும்தான் இன்று முத்தொள்ளாயிரம் என்ற பெயரில் அந்த 41இல் ஒன்றாக நிற்கிறது.

சரி, உழைத்தவர்கள் எல்லாம் இருக்கட்டும். உழைக்க வைத்தது எது? பாட்டுக்குள் என்ன இருந்தது? குறுந்தொகையில் 41ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆறே அடி.

காதலர் உழையர் ஆகப் பெரிது உவந்து
சாறு கொள் ஊரின் புகல்வேன் மன்ற
அத்தம் நண்ணிய அம் குடிச் சீறூர்
மக்கள் போகிய அணில் ஆடு முன்றில்
புலப்பில் போலப் புல்லென்று
அலப்பென் தோழி அவர் அகன்ற ஞான்றே.

உழையர் என்றால் பக்கத்தில் இருப்பவர். சாறு என்றால் திருவிழா. அவர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி எனக்கு உற்சாகம். அவர் பிரிந்த நாளிலோ, காட்டு வழியோரச் சிற்றூரில் ஆட்கள் விட்டுப்போன, முற்றத்தில் அணில் ஆடும் தனித்த வீடுபோலப் பொலிவிழந்து தவிக்கிறேன். தோழியிடம் தலைவி சொல்வது இவ்வளவுதான்.

பாழான வீட்டைக் காட்ட ஒரு புலவருக்கு எத்தனையோ வழி இருக்கிறது. இடிந்த சுவர், ஆந்தை, பாம்பு, முள். இவர் அணிலை எடுத்தார். அணில் சோகமான பிராணி இல்லை. ஓடி விளையாடும். ஆனால் முற்றம் என்பது தானியம் காயும் இடம், குழந்தைகள் உருளும் இடம், யாராவது கையில் கோலோடு காவல் இருக்கும் இடம். அங்கே அணில் பயமில்லாமல் ஆடுகிறது என்றால் விரட்ட ஆளில்லை என்று பொருள். தானியமும் இல்லை, குழந்தையும் இல்லை. ஒரு மகிழ்ச்சியான அசைவைக் காட்டி அந்த வீட்டின் வெறுமையைச் சொல்லிவிட்டார். முதலில் திருவிழா ஊர் முழுக் கூட்டத்தோடு வருகிறது, அடுத்த அடியிலேயே ஊர் சின்னதாகி, பிறகு ஒரு வீடாகி, ஒரு முற்றமாகி, ஓர் அணிலில் வந்து நிற்கிறது. தலைவி தன்னைப் பற்றிப் பேசுகிறாள், ஆனால் அழுகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாத வாசகர்கள் நம் காலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1995 அக்டோபர் கடைசியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இரவோடு இரவாக வெளியேறி, எத்தனையோ காலம் கழித்துத் திரும்பிவந்து தன் வீட்டு முற்றத்தில் நின்றவர்களுக்கு நாலாவது அடியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்து, ஊரே திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்ட தென்மாவட்டக் கிராமத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கும்தான். அவர்கள் யாரையும் அந்தப் புலவர் மனதில் வைத்து எழுதவில்லை. பிரிவைப் பற்றித்தான் எழுதினார். வேறு வேறு காலத்தில், வேறு வேறு இழப்போடு வருபவர்களுக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு அந்த ஆறடி விரிந்துகொள்கிறது. இதை இரண்டாவது அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புலவரின் பெயர் நமக்குத் தெரியாது. தொகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை போலும். அணிலாடு முன்றிலார் என்று பாட்டின் தொடரையே பெயராகச் சூட்டிவிட்டார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். ஈரம் காய்வதற்குள் முழு நிலத்தையும் ஒரே ஏரை வைத்து உழுதாக வேண்டிய உழவனின் பதற்றத்தைப் பாடியவர் ஓரேருழவனார். இரண்டு யானைகள் பிடித்திழுக்கும் தேய்ந்த பழங்கயிறாகத் தன் உடம்பைச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒரு தொகுப்பாளர் மற்ற எதையும்விட ஓர் உவமையை நினைவில் வைத்துக்கொண்டார், அதை எழுதியவரின் அடையாளமாகவும் அதையே ஆக்கினார் என்பதைவிட நெருக்கமான வாசிப்பு என்ன இருக்க முடியும்?

குறுந்தொகைக்குப் பழைய உரை இருந்தது. பேராசிரியர் என்ற பெயர்கொண்ட பழைய உரைகாரர் எழுதினார், அவர் விட்டுவைத்த இருபது பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார். இரண்டும் தொலைந்துவிட்டன. அதனால் 1915இல் அதை முதலில் அச்சிட்ட சௌரிப்பெருமாள் அரங்கன் தாமே உரை எழுத வேண்டியிருந்தது. 1937இல் ஐயர் பதிப்பு வந்தபோது அவருக்கு வயது 82. அதிலும் அவரே எழுதிய உரைதான். பேராசிரியர் உரை கிடைத்திருந்தால் எவ்வளவு வெளிச்சமாக இருந்திருக்கும் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

கிளாசிக் ஆகிவிட்ட நூலுக்கு வரும் ஆபத்து வேறு. அதை எல்லோரும் சொல்ல ஆரம்பிப்பார்கள், படிப்பது நின்றுபோகும். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரிக்கு நடந்திருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாம் சொன்னார். 2019இல் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் மோடி சொன்னார். பள்ளிக்கூடச் சுவர்களில் இருக்கிறது, மாநாட்டு மேடைகளில் இருக்கிறது. இதில் எனக்குப் பெருமைதான். ஆனால் புறநானூற்றின் அந்த 192ஆம் பாட்டுக்கு 13 அடி. மீதிப் பன்னிரண்டும் முதல் அடி அளவுக்கு வெளியே வருவதில்லை.

கணியன் பூங்குன்றனார் அங்கே உலக ஒற்றுமை மட்டும் பேசவில்லை. தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை என்கிறார். சாவு ஒன்றும் புதிது இல்லை என்கிறார். வாழ்க்கை இனிது என்று குதிப்பதும் இல்லை, வெறுத்து ஒதுக்குவதும் இல்லை. மின்னலோடு மழை பெய்து, பாறையில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் அதன் போக்கில் போகும் தெப்பம்போல உயிர் முறைப்படி போகும் என்று தெளிந்துவிட்டோம், ஆகையால்,

பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே

என்று முடிக்கிறார். பெரியவர்களைப் பார்த்து வாய்பிளப்பதும் இல்லை. சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. அந்த ‘அதனினும்’தான் பாட்டின் உயிர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தியிருந்தால் அது ஒரு நடுநிலை வாசகமாகப் போயிருக்கும். இகழ்ச்சி வியப்பைவிடக் கேவலம் என்று அங்கே அவர் எடை போடுகிறார். அரசர்களைப் புகழ்ந்து பரிசு வாங்கும் புலவர்களின் பாட்டு நிறைந்த தொகுப்பில், பெரியோரை வியப்பதில்லை என்று ஒரு புலவர் சொல்வது சின்ன விஷயமா? முதல் வரியை மட்டும் மேடையில் சொல்லும்போது இந்தத் துணிச்சல் காணாமல் போய்விடுகிறது.

திருக்குறளுக்கு இந்த ஆபத்து குறைவு. காரணம், அதை வைத்து ஓயாமல் சண்டை நடக்கிறது. பழைய உரைகாரர்களே பத்துப் பேர் என்று ஒரு வெண்பா சொல்கிறது. மணக்குடவருக்கும் பரிமேலழகருக்கும் பல இடங்களில் ஒத்துப்போகாது. 1730இல் வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் இலத்தீனுக்குக் கொண்டுபோனார், மூன்றாம் பாலைத் தொடவில்லை. சங்க நூல்கள் ஏட்டில் கிடந்த காலத்திலேயே, 1812இல், குறள் அச்சேறிவிட்டது. சமணர் எங்கள் நூல் என்றார்கள், சைவர் எங்கள் நூல் என்றார்கள், பெரியார் 1949இல் குறளுக்கு மாநாடு நடத்தினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் கேள்வியைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டது.

கம்பனும் அப்படித்தான். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கினார். 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற வாதத்தோடு அண்ணா மேடையேறினார். எதிர்த்தரப்பில் ரா.பி. சேதுப்பிள்ளை, இன்னொரு மேடையில் நாவலர் சோமசுந்தர பாரதியார். அந்த விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு காப்பியத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் ஊரே கூடி வாதாடியது. நைடதத்தைக் கொளுத்து என்று யாரும் சொல்லவில்லை. காப்பாற்று என்றும் யாரும் சொல்லவில்லை.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கதை வேறு, நூல் வேறு. ஐயர் சிலப்பதிகாரத்தை ஏட்டில் தேடிக்கொண்டிருந்த காலத்திலும் மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கப்பட்டுவந்தது. சிங்களவர் பத்தினித் தெய்வமாகக் கும்பிட்டார்கள். கண்ணகிக்கு இளங்கோ தேவைப்படவில்லை. இளங்கோவின் சொற்கள் வேண்டுமென்றால்தான் ஏடும் உரையும் பதிப்பும் வேண்டும். அடியார்க்கு நல்லாரின் உரை இல்லாமல் அரங்கேற்று காதையில் இசை பற்றி வரும் அடிகளை இன்று யாரும் விளங்கிக்கொண்டிருக்க முடியாது.

அந்தஸ்து கூடினால் போலிகளும் வரும். பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டாவது நூல் எது என்பதில் குழப்பம் இருந்த காலத்தில், இன்னிலை என்ற ஒன்று ஏட்டில் கிடைத்ததாக வந்து சேர, வ.உ. சிதம்பரனார் நம்பிப் பதிப்பித்தார். பின்னால் வந்த அறிஞர்கள் அது பிற்காலத்தில் புனையப்பட்டது என்று ஒதுக்கினார்கள். அந்த இடத்துக்குக் கைந்நிலை வந்தது. பழைய நூல் மாதிரி எழுதிவிடலாம். பழைய நூலுக்குப் பின்னால் இருக்கும் உரையையும் மேற்கோளையும் படியெடுத்த கைகளையும் உண்டாக்க முடியாது. அங்கேதான் போலி பிடிபடுகிறது.

இப்போது பதிப்பகங்கள் கிளாசிக் வரிசை என்று அட்டையில் போட்டு இருபதாம் நூற்றாண்டு நாவல்களைக் கொண்டுவருகின்றன. வந்து பத்தாண்டுகூட ஆகாத படத்தையும் பாட்டையும் கிளாசிக் என்கிறோம். அன்பில் சொல்வதுதான், தவறொன்றும் இல்லை. ஆனால் அது ஒரு முன்கூட்டிய பந்தயம். நம் காலத்து எழுத்தில் அந்தப் பந்தயம் ஜெயிக்கும் அறிகுறி தெரிவது புதுமைப்பித்தன் விஷயத்தில். 1948இல் 42 வயதில் இறந்தவர். 2000ஆம் ஆண்டில் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த அவர் கதைகளின் தொகுப்பு, பத்திரிகைகளில் முதலில் வெளிவந்த வடிவத்தையும் பிறகு நூலில் வந்த வடிவத்தையும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளோடு வந்தது. ஏடுகளை ஒப்பிட்டு ஐயர் செய்த அதே வேலையை இன்னொருவர் மணிக்கொடி இதழ்களை வைத்துச் செய்யத் துணிகிறார் என்றால், அந்த எழுத்துக்குப் பின்னாலும் ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.

அந்த உழைப்பு இன்னும் கிடைக்காதவர்கள்தான் என் கவலை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதினார் என்பார்கள். 1925இலிருந்து பல ஆண்டுகள் ஜகன்மோகினி பத்திரிகையை நடத்தினார். வீடு வீடாகப் பெண்கள் காத்திருந்து படித்த எழுத்து. ஜனரஞ்சகம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டோம். அந்த நூற்றுச் சொச்சத்தில் ஒன்றிரண்டாவது நிற்கக்கூடியதா என்று எப்படிச் சொல்வது? முழுவதையும் உட்கார்ந்து படித்து, ஒப்பிட்டு, குறிப்பெழுதி, நல்ல பதிப்பாகக் கொண்டுவந்தவர் யார்? தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும், அது படித்தவர்கள் சொல்லும் தீர்ப்பாக இருக்க வேண்டும். அந்தப் பத்திரிகை இதழ்களின் தாள் பனையோலையைவிடச் சீக்கிரம் உடையக்கூடியது. அதைச் செய்வதற்கு நமக்கு முந்நூறு ஆண்டு அவகாசம் கிடையாது.